சிறு பதிப்பகத்தில் முதல் புத்தகம்: செலவு யாருடையது, உரிமை யாரிடம்?

"உங்கள் கையெழுத்துப்படியை வெளியிட விரும்புகிறோம்" என்று கடிதம் வந்ததும் புதிய எழுத்தாளருக்குக் கேள்விகள் தப்பான வரிசையில் எழுகின்றன. எப்போது வெளிவரும், அட்டை எப்படி இருக்கும், வெளியீட்டு விழா உண்டா என்பவை முதலில் வந்துவிடும். அச்சகத்துக்குப் பணம் கட்டப்போவது யார், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, பதிப்பகம் மூடப்பட்டால் புத்தகம் என்னவாகும் என்பவை கடைசியில் வரும். பல பேருக்கு வருவதேயில்லை. ‘பதிப்பகம்’ என்ற ஒரே சொல் வெவ்வேறு தொழில்களுக்குப் பெயராக இருப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

## ஒரே பெயர்ப்பலகை, மூன்று தொழில்

1. செலவைத் தானே ஏற்கும் பதிப்பகம். செம்மையாக்கம், பக்க வடிவமைப்பு, அட்டை, அச்சு, கிடங்கு எல்லாம் அதன் செலவு. எழுத்தாளர் பணம் கட்டுவதில்லை. விற்ற பிரதிக்கு ராயல்டி, அதாவது விற்பனைப் பணத்தில் ஒரு பங்கு, பெறுகிறார். புத்தகம் ஓடாவிட்டால் நட்டம் பதிப்பகத்துக்கு.

2. வெளியீட்டுச் சேவை நிறுவனம். எழுத்தாளர் கட்டணம் கட்டுகிறார், நிறுவனம் புத்தகம் செய்து தருகிறது. இதில் தவறு ஏதுமில்லை, ஒன்றைத் தவிர: தன்னைப் பதிப்பகம் என்று சொல்லிக்கொண்டு, "தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள்" என்று வாழ்த்துவது. காசு கட்டுகிறவர் வாடிக்கையாளர். வாடிக்கையாளரிடம் உரிமையை எழுதி வாங்குவதற்கு நியாயமே கிடையாது.

3. கலப்பு வகை. செலவில் ஒரு பங்கு எழுத்தாளருடையது, ஒரு பங்கு பதிப்பகத்துடையது. நேர்மையாக நடத்துகிறவர்கள் உண்டு. எழுத்தாளர் போட்ட பங்குக்கு ஏற்ப ராயல்டி உயர்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே நேர்மை தெரிந்துவிடும். பாதிச் செலவை எழுத்தாளர் ஏற்று, ராயல்டி மட்டும் பழைய 10 சதவீதம் என்றால் அது இரண்டாம் வகைதான்.

இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது. அதிலும் ஆண்டுக்குச் சில புத்தகங்கள் போடும், ஒருவரோ இருவரோ மூவரோ நடத்தும் பதிப்பகங்களைப் பற்றியது. இவை பெரிய பதிப்பகத்தின் சின்ன உருவம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இவற்றின் நடைமுறைகள் பெரும்பாலும் கைப்பணம் குறைவு, ஆள் குறைவு என்ற இரண்டு நெருக்கடிகளிலிருந்து பிறந்தவை.

## ஒரு புத்தகத்தின் வரவு செலவு

எந்த நாணயத்துக்கும் பொருந்தும்படி அட்டை விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். 500 பிரதிகள் அச்சிடுகிறார்கள். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. விகிதங்கள் இந்தத் தொழிலில் வழக்கமாகக் காணப்படுபவை.

- அச்சும் பைண்டிங்கும்: பிரதிக்கு 25. மொத்தம் 12,500.
- செம்மையாக்கம், பிழைதிருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை: 7,500. பத்துப் பிரதி அச்சிட்டாலும் பத்தாயிரம் அச்சிட்டாலும் இது மாறாது.
- ஒரு பிரதிகூட விற்கும் முன் கையைவிட்டுப் போன பணம்: 20,000.

இனி வரவு. கடைக்கும் விநியோகஸ்தருக்கும் சேர்த்துக் கழிவு 40 சதவீதம் என்றால் பதிப்பகத்துக்கு வருவது 60. (35-இலிருந்து 55 வரைகூடக் கழிவு போகும், விநியோகஸ்தர் நடுவில் இருந்தால் மேல்பக்கம்தான்.) அட்டை விலையில் 10 சதவீதம் ராயல்டி என்றால் 10 எழுத்தாளருக்கு. மிச்சம் 50. போட்ட 20,000-த்தை எடுக்க 400 பிரதிகள் விற்க வேண்டும்.

எழுத்தாளருக்கான பிரதிகள், விமர்சனப் பிரதிகள், போக்குவரத்தில் மூலை நசுங்கியவை என்று 40 போனால் விற்கக் கிடைப்பது 460. அத்தனையும் விற்றால் பதிப்பகத்துக்கு மிஞ்சுவது 3,000. எழுத்தாளருக்கு ராயல்டி 4,600. ஆம், எல்லாப் பிரதிகளும் தீர்ந்த நல்ல நிலையில்கூட எழுத்தாளர் பெறுவது பதிப்பகத்தின் லாபத்தைவிட அதிகம். அதே சமயம் இரண்டுமே சின்னத் தொகைகள்.

இந்தக் கணக்கிலிருந்து நான்கு விளைவுகள் வருகின்றன.

அட்வான்ஸ் இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். அட்வான்ஸ் என்பது வரப்போகும் ராயல்டியில் முன்கூட்டித் தருவது. பிறகு ராயல்டியில் கழித்துக்கொள்வார்கள். புத்தகம் ஓடாவிட்டால் திருப்பிக் கேட்பதில்லை என்பது பொது வழக்கம். ஒப்பந்தத்தில் அப்படியே எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் அச்சு சிறியதாக இருக்கும். இதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 500-க்குப் பதில் 1,000 அச்சிட்டால் பிரதிக்கு ஆகும் செலவு குறையும். முடங்கும் பணமோ கூடும். விற்காமல் கிடங்கில் கிடக்கும் 600 பிரதிகள் அடுத்த எழுத்தாளரின் புத்தகத்துக்கான முதல்.

பணம் தாமதமாக வரும். கடை விற்று, விநியோகஸ்தருக்குக் கட்டி, அவர் பதிப்பகத்துக்குக் கட்ட 3 முதல் 6 மாதம் ஆகும். அதனால் ராயல்டி ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டுமுறை.

விற்றது விற்றதாகாது. பல சந்தைகளில் கடைக்காரர் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பலாம். 1930-களின் பெருமந்தக் காலத்தில், கையிருப்பு வாங்கத் தயங்கிய கடைகளை வாங்கவைக்க அமெரிக்கப் பதிப்பாளர்கள் தொடங்கிய ஏற்பாடு இது. மந்தம் போன பிறகும் ஏற்பாடு போகவில்லை. இந்தத் திரும்பிவரும் பிரதிகளுக்காக ராயல்டியில் ஒரு பகுதியைப் பதிப்பகம் நிறுத்திவைக்கும். நிறுத்துவது சரி. எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் விடுவிப்பார்கள் என்ற இரண்டும் ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்க வேண்டும். "நியாயமான அளவு" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தொகை எந்நாளும் நிறுத்திவைக்கப்பட்டதாகவே இருக்கும்.

இதே கணக்கில் இன்னொரு பிரிவைப் பொருத்திப் பார்க்கலாம்: "எழுத்தாளர் 25 சதவீதக் கழிவில் 200 பிரதிகள் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொள்கிறார்." 200 × 75 = 15,000. பதிப்பகம் போட்ட 20,000-இல் முக்கால் பங்கு முதல் நாளே வந்துவிட்டது. மீதி 300-இல் 100 பிரதிகள் விற்றால் போட்ட முதல் முழுதும் திரும்பிவிட்டது. "நாங்கள் பணம் எதுவும் வாங்குவதில்லை" என்று சொல்லிக்கொண்டே செலவை எழுத்தாளர் தலையில் இறக்கும் வழி இதுதான். எழுத்தாளர் விரும்பினால் கழிவில் வாங்கலாம் என்பது சலுகை. வாங்கியே ஆக வேண்டும் என்பது கட்டணம்.

## அச்சு: ஆஃப்செட்டும் பிஓடியும்

ஆஃப்செட்டில் முதலில் பிளேட் செய்து, இயந்திரத்தைச் சரிக்கட்டி, கொஞ்சம் காகிதத்தை வீணாக்கி, பிறகுதான் நல்ல தாள் விழும். இந்தத் தொடக்கச் செலவு எல்லாப் பிரதிகளுக்கும் பகிரப்படுவதால் எண்ணிக்கை கூடக்கூடப் பிரதி விலை இறங்கும். டிஜிட்டல் அச்சில் தொடக்கச் செலவு மிகக் குறைவு. பத்தாவது பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஏறத்தாழ ஒரே விலை. சில நூறு பிரதிகளுக்குக் கீழே டிஜிட்டல் மலிவு, அதற்கு மேல் ஆஃப்செட் மலிவு. கேட்கும்போது மட்டும் அச்சிடுவது பிஓடி (பிரிண்ட் ஆன் டிமாண்ட்). ஆர்டர் வந்தால் ஒரே ஒரு பிரதிகூட அச்சாகும். பணம் முடங்காது, கிடங்கு வேண்டாம் என்பதால் சிறு பதிப்பகங்களுக்கு அது வரப்பிரசாதம். எழுத்தாளருக்கு அதில் ஒரு கண்ணி உண்டு. அது ஒப்பந்தப் பகுதியில்.

பக்க எண்ணிக்கை விஷயத்தில் பதிப்பகம் ஏன் திடீரென்று அடம்பிடிக்கிறது என்பதும் இங்கேதான் விளங்கும். பெரிய தாளில் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம். புத்தகம் 244 பக்கம் வந்தால் 15 ஃபாரத்தில் 240 பக்கம் போக நான்கு பக்கம் வெளியே நிற்கிறது. அந்த நான்குக்காக இன்னொரு ஃபாரம் போட்டால் 12 பக்கம் வெற்றுத்தாள். அப்போதுதான் "முன்னுரையைச் சுருக்க முடியுமா?" என்று தொலைபேசி வரும். இலக்கிய நோக்கம் ஒன்றும் இல்லை, காகிதக் கணக்கு. முன்னுரையை வெட்ட மனமில்லாதவர் எழுத்தளவையோ வரி இடைவெளியையோ துளி குறைக்கச் சொல்லலாம். 244-ஐ 240 ஆக்க அது போதும்.

பக்க எண்ணிக்கை முடிவாவதற்கு முன் அட்டையை முடிப்பது சிறு பதிப்பகங்களில் அடிக்கடி நேரும் பிழை. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம்) சாதாரணத் தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். 240 பக்கம் என்றால் 120 தாள், முதுகு 12 மில்லிமீட்டர். அதே எடையில் உப்பலான நாவல் தாளைப் போட்டால் 15 மில்லிமீட்டரைத் தாண்டும். 12-க்கு வரைந்த அட்டையை 15-க்குச் சுற்றினால் முதுகிலிருக்க வேண்டிய தலைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கும், முன்னட்டைப் படத்தின் ஓரம் முதுகுக்கு ஏறும். ஆகவே அட்டையின் இறுதிக் கோப்பு, தாளும் பக்கமும் முடிவான பிறகுதான் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

## செம்மையாக்கம்: உண்மையில் கிடைப்பது

மூன்று வேலைகளை ஒரே பெயரில் கூப்பிடுவதால் சண்டை வருகிறது.

1. கட்டமைப்புச் செம்மை: எந்த அத்தியாயம் எங்கே, எது வேண்டாம், கதையோ வாதமோ எங்கே தொய்கிறது.
2. வரிச் செம்மை: வாக்கியம், சொல், தகவல் முரண். மூன்றாம் அத்தியாயத்தில் அத்தையாக இருந்தவர் ஒன்பதாவதில் பெரியம்மா ஆவது இங்கே பிடிபட வேண்டும்.
3. மெய்ப்பு: பக்கமாக்கிய பிறகு எழுத்துப்பிழை, ஒற்று, பக்க எண், வரியுடைப்பு.

சிறு பதிப்பகத்தின் பலம் முதல் வேலையில். நடத்துகிறவரே படித்துப் பிடித்துப்போய்த் தேர்ந்தெடுத்த புத்தகம் என்பதால், கையெழுத்துப்படியோடு மாதக்கணக்கில் உட்காருவார். பெரிய இடத்தில் புதிய எழுத்தாளருக்கு அவ்வளவு கவனம் அரிது. பலவீனம் மூன்றாவதில். ஒரே ஆள் நான்கு முறை படித்த பிரதியில் ஐந்தாம் முறை கண் எதையும் பார்ப்பதில்லை. மெய்ப்பை வேறொருவர் பார்ப்பாரா என்று தயங்காமல் கேட்கலாம். இல்லையென்றால் எழுத்தாளரே நம்பகமான ஒருவரைப் பிடிப்பது நல்லது.

தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. பழைய எழுத்துருவில் தட்டிய பிரதியை யூனிகோடுக்கு மாற்றும்போது துணைக்கால் (‘ா’) இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ வந்து உட்காரும்; ‘ஔ’ என்பது ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்து நிற்கும். தாளில் பார்க்கும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. மின்னூலில் தேடினால் சொல் அகப்படாது, வாசித்துக்காட்டும் மென்பொருள் உளறும். மாற்றம் முடிந்ததும், மெய்ப்புக்கு முன்பே, இந்த இரண்டையும் தனியாகத் தேடித் திருத்த வேண்டும்.

பக்கமாக்கிய பின் ஒரு பத்தியைச் சேர்த்தால் அந்த அத்தியாயம் முழுக்க வரிகள் நகரும். பொருளடக்கத்தின் பக்க எண்கள் பொய்யாகும். அதனால்தான் பல ஒப்பந்தங்களில், மெய்ப்பு நிலையில் எழுத்தாளர் செய்யும் மாற்றங்களின் செலவு பக்கமாக்கல் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் மிகுதி அவர் கணக்கில் என்று ஒரு பிரிவு இருக்கும். திருத்தம் தருவதற்குச் சண்டை வராத முறை: பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது என்று நான்கு நெடுவரிசைகள் கொண்ட ஒரு பட்டியல். "நடுவில் எங்கோ ஒரு பிழை பார்த்தேன்" என்று குறுஞ்செய்தி அனுப்பினால் அது திருத்தப்படாது.

ஏற்புக் கடிதத்திலிருந்து புத்தகம் கைக்கு வர 6 முதல் 18 மாதம் ஆவது இயல்பு. ஒப்பந்தத்தில் வெளிவர வேண்டிய கடைசித் தேதி இருக்கட்டும். அது தவறினால் உரிமை தானாகத் திரும்பும் என்றும் இருக்கட்டும்.

## ஒப்பந்தம்: எந்த வரியில் கண் வைப்பது

அடிப்படை ஒன்று. காப்புரிமைக்காக 1886-இல் உருவான பெர்ன் என்ற பன்னாட்டு உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் எழுதி முடித்ததுமே காப்புரிமை எழுத்தாளருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. எனவே பதிப்பகம் உரிமையை ‘வாங்கித் தரும்’ என்பது அர்த்தமில்லாத பேச்சு. கேள்வி எழுத்தாளர் எதைக் கொடுக்கிறார் என்பதுதான்.

1. உரிமமா, உரிமை மாற்றமா? உரிமம் என்றால் வீட்டை வாடகைக்கு விடுவது. மாற்றம் என்றால் பத்திரம் எழுதிக் கொடுப்பது. பதிப்பகத்துக்கு வேண்டியது உரிமம் மட்டுமே. "காப்புரிமை உட்பட அனைத்து உரிமைகளையும் நிரந்தரமாக" என்ற வரியைப் பார்த்தால் பேனாவை மூடலாம். அப்படிக் கொடுத்துவிட்டாலும், ஆசிரியர் என்று உரிமைகோருவதும் தன் மதிப்பைக் கெடுக்கும் சிதைப்பை எதிர்ப்பதும் எழுத்தாளரிடமே இருக்கும் என்கிறது பெர்ன் உடன்படிக்கையில் 1928-இல் ரோமில் சேர்க்கப்பட்ட பிரிவு. ஆறுதல்தான், காசாகாது.

2. மொழி, நிலப்பரப்பு, வடிவம், காலம். நான்கும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். அச்சுப் புத்தகம் மட்டும் போடுகிற பதிப்பகத்துக்கு ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு உரிமைகள் எதற்கு? விற்றுத் தரும் தொடர்புகள் இருக்கிறதென்றால் கொடுக்கலாம். அதற்கும் "18 மாதத்தில் பயன்படுத்தாவிட்டால் திரும்பும்" என்று ஒரு வரி போட்டுக்கொள்ள வேண்டும். காலம் மூன்று முதல் ஏழு ஆண்டு என்றால் நல்லது.

3. ராயல்டி எதன்மீது? சதவீதத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. நம் கணக்கில் அட்டை விலைமீது 10 சதவீதம் என்றால் 10. பதிப்பகத்துக்கு வந்த தொகைமீது 10 என்றால் 6. வந்த தொகைமீது 15 என்றால் 9. அதாவது காதுக்குப் பெரிதாக ஒலிக்கும் 15, முன்னதைவிடச் சிறியது. "நிகர லாபத்தில் 50 சதவீதம்" என்பது இருப்பதிலேயே ஆபத்தானது: எந்தெந்தச் செலவுகளைக் கழிப்பார்கள் என்ற பட்டியல் இல்லையென்றால் லாபம் என்று ஒன்று தோன்றாமலே பார்த்துக்கொள்ளலாம். மின்னூலுக்கு அச்சும் கிடங்கும் இல்லாததால் வந்த தொகையில் 25 முதல் 50 சதவீதம் வரை தருவது வழக்கம். சிறு பதிப்பகங்கள் பெரும்பாலும் மேல்பக்கம் நிற்கும்.

4. கணக்கு அறிக்கை. விற்ற எண்ணிக்கை மட்டும் போதாது. தொடக்க இருப்பு, புதிதாக அச்சிட்டது, விற்றது, திரும்பியது, இலவசம், சேதம், இறுதி இருப்பு ஆகிய ஏழும் வேண்டும். தொடக்க இருப்போடு அச்சிட்டதையும் திரும்பியதையும் கூட்டி, விற்றதையும் இலவசத்தையும் சேதத்தையும் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். வராத அறிக்கையில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது ஏமாற்றாக இருக்காது. புத்தகச் சந்தையில் ரொக்கத்துக்கு விற்றதை யாரும் ஏட்டில் ஏற்றவில்லை என்பதாக இருக்கும். எழுத்தாளரின் பணம் போவது என்னவோ ஒன்றுதான்.

5. உரிமை திரும்புதல். மொத்த ஒப்பந்தத்தில் சிறு பதிப்பக எழுத்தாளர் வாதாட வேண்டிய ஒரே பிரிவு எது என்று கேட்டால் இதுதான். "புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பும்" என்பது பழைய வாசகம். பிஓடி வந்த பிறகு எந்தப் புத்தகமும் அச்சில் இல்லாமல் போவதில்லை. ஆண்டுக்கு ஒரு பிரதிகூட விற்காமலே இணையப் பட்டியலில் நூறு ஆண்டு ‘கிடைக்கும்’. முன்னே சொன்ன கண்ணி இது. அதற்குப் பதிலாக எண் வேண்டும்: "தொடர்ந்து 12 மாதத்தில் எல்லா வடிவங்களிலும் சேர்த்து 50 பிரதிகளுக்குக் குறைவாக விற்றால், எழுத்தாளர் அறிவிப்பு தந்த 60 நாளில் உரிமை திரும்பும்."

6. பதிப்பகம் மூடப்பட்டால். திவாலானால் உரிமை தானாகத் திரும்பும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். சில நாடுகளின் திவால் சட்டங்கள் அப்படிப்பட்ட பிரிவைச் செல்லாததாக்கிவிடும். ஒப்பந்தம் கடன்காரர்களுக்குரிய சொத்தாகக் கருதப்படும். அதைவிடவும் அதிகமாக நடப்பது, சிறு பதிப்பகம் முறையாகத் திவாலாகாமலே நின்றுபோவது. நடத்தியவர் வேறு வேலைக்குப் போவார், மின்னஞ்சலுக்குப் பதில் வராது, அவ்வளவே. இரண்டுக்கும் மருந்து, குறுகிய உரிமக் காலமும் மேலே சொன்ன விற்பனை எண்ணும்.

7. அடுத்த புத்தகம். அடுத்த கையெழுத்துப்படியை முதலில் இவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற பிரிவு வழக்கமானது. ஒரே ஒரு புத்தகம், 60 நாளுக்குள் பதில், அதே விதிமுறைகளுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று வரம்பு கட்டினால் தீங்கில்லை.

8. உறுதிமொழி. எழுத்து சொந்தமானது, அவதூறு இல்லை என்று எழுத்தாளர் உறுதி தருவார். வழக்கு வந்தால் முழுச் செலவும் அவருடையது என்ற வரியை, நீதிமன்றத்தில் நிரூபணமானால் மட்டும் என்று சுருக்கக் கேட்கலாம். பிறர் கவிதையிலிருந்து நான்கு வரி மேற்கோள் எடுத்திருந்தால் அனுமதி வாங்கும் பொறுப்பும் பெரும்பாலும் எழுத்தாளருடையதே.

## ஐஎஸ்பிஎன் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

ஐஎஸ்பிஎன் என்பது ஒரு நூலின் குறிப்பிட்ட பதிப்பை அடையாளம் காட்டும் சர்வதேச எண். 2007-இலிருந்து இது 13 இலக்கம். அதற்கு முன் 10. 978 அல்லது 979 என்று தொடங்கி, நாடு அல்லது மொழிக் குழு, பதிப்பாளர், நூல், கடைசியாகச் சரிபார்ப்பு இலக்கம் என்று ஐந்து பகுதிகள். இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 10-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். பின்னட்டையில் ஓர் இலக்கம் தப்பாக அச்சானதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

எண் பதிப்பாளருக்கு உரியது. காப்புரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மெல்லிய அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். உரிமை திரும்பி வேறு பதிப்பகத்துக்குப் போனால் புது எண்தான். பழைய எண்ணின் கீழ் சேர்ந்த இணைய மதிப்புரைகள் புதிய பதிப்புக்குத் தானாக வந்து சேரும் என்று நம்ப முடியாது.

## விற்பனையும் விளம்பரமும்

இதில் எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொள்வதே நல்லது. பதிப்பகம் இணையக் கடைகளில் பட்டியலிடும், இருபது முப்பது விமர்சனப் பிரதிகள் அனுப்பும், சமூக ஊடகத்தில் அறிவிக்கும், தன் வாசகர் வட்டத்துக்குச் சொல்லும். எல்லாக் கடை அலமாரியிலும் புத்தகத்தை நிறுத்த அதனால் முடியாது. பெரிய பதிப்பகத்தில் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: முதல் மூன்று மாதத்தில் ஓடாத புத்தகத்தை மறந்துவிட மாட்டார்கள். பழைய நூல்களின் மெதுவான விற்பனைதான் சிறு பதிப்பகத்தை உயிரோடு வைத்திருக்கிறது.

எழுத்தாளர் தானே செய்யக்கூடிய, யாரும் கவனிக்காத வேலை ஒன்று: பட்டியல் விவரம். தலைப்பு, பெயரின் எழுத்துக்கூட்டல், வகை, பக்க எண்ணிக்கை, நான்கு வரி அறிமுகம் ஆகியவற்றை பதிப்பகம் அனுப்பும் முன் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் பிழையாக ஏறிய பெயர் பத்து இணையக் கடைகளுக்குப் பரவும். திருத்தம் அந்த வேகத்தில் பரவாது.

## கையெழுத்திடும் முன் சோதனை

1. அந்தப் பதிப்பகத்தின் இரண்டு ஆண்டுப் பழைய புத்தகம் ஒன்றைச் சாதாரண வாசகராக ஆர்டர் செய்யுங்கள். எத்தனை நாளில் வந்தது? வந்ததா?
2. வந்த புத்தகத்தின் நடுவில் பத்துப் பக்கம் படியுங்கள். முதல் பத்துப் பக்கத்தை எல்லோரும் கவனமாகத்தான் திருத்துவார்கள்.
3. புத்தகத்தை அகல விரியுங்கள். பைண்டிங் விட்டால் மலிவுப் பசை.
4. உரிமைப் பக்கத்தில் காப்புரிமை யார் பெயரில் என்று பாருங்கள். பதிப்பகத்தின் பெயரிலேயே தொடர்ந்து இருந்தால் காரணம் கேளுங்கள்.
5. அங்கே புத்தகம் போட்ட மூன்று பேரிடம் ஒரே கேள்வி: "கடைசியாகக் கணக்கு அறிக்கை எப்போது வந்தது?" புத்தகம் எப்படி வந்தது என்று கேட்டால் மரியாதைக்குப் புகழ்வார்கள்.
6. ஒப்பந்த மாதிரியை முன்கூட்டியே கேளுங்கள். "அதெல்லாம் நமக்குள் எதற்கு?" என்ற பதில் அன்பாக இருந்தாலும் ஆபத்தானது.

## கணக்கு வராவிட்டால்

முதலில் நினைவூட்டல், எழுத்தில், ஒப்பந்தப் பிரிவின் எண்ணோடு. 30 நாள் பொறுத்து இரண்டாவது கடிதம்: அறிக்கை, நிலுவைத் தொகை, பதில் தர வேண்டிய தேதி. அதற்கும் பதிலில்லையென்றால், ஒப்பந்தத்தில் இருக்கும் முறிவுப் பிரிவின்படி அறிவிப்பு. அப்படியொரு பிரிவு இல்லாவிட்டால் வழக்கறிஞரிடம் போக வேண்டியிருக்கும். முதல் கடிதமே சமூக ஊடகப் பதிவாக இருந்தால் பணம் வருவது இன்னும் தள்ளிப்போகும். அதோடு, ஆள் குறைவால் தாமதமாகிறவரும் வேண்டுமென்றே இழுப்பவரும் இரண்டாவது கடிதம்வரை ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

உரிமை திரும்பியதும் கேட்டு வாங்க வேண்டியவை: திரும்பியதை உறுதிசெய்யும் தேதியிட்ட கடிதம், கையிருப்புப் பிரதிகளை அச்சுச் செலவு விலைக்கு வாங்கும் வாய்ப்பு, பக்கமாக்கிய இறுதிக் கோப்பு. கோப்பு பதிப்பகத்தின் உழைப்பு; அதற்கு ஒரு தொகை கேட்டால் முறைதான். அட்டைப் படம் தனிக் கணக்கு: அதன் உரிமை பெரும்பாலும் ஓவியரிடமோ வடிவமைப்பாளரிடமோ இருக்கும், அவரிடம் கேட்காமல் அடுத்த பதிப்பில் போட முடியாது. மின்னூலும் பிஓடி பதிப்பும் எல்லாத் தளங்களிலிருந்தும் நீங்கிவிட்டனவா என்று 60 நாள் கழித்து ஒருமுறை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு தளத்தில் புத்தகம் இன்னும் விற்பனையில் இருந்தால், அந்தப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து, உரிமை திரும்பியதை உறுதிசெய்யும் கடிதத்துடன் இணைத்துப் பழைய பதிப்பகத்துக்கு அனுப்புங்கள்; புதிய பதிப்பகம் கையெழுத்திடும் முன் கேட்கப்போகும் முதல் ஆவணங்களில் அந்தக் கடிதமும் ஒன்று.